பிளஸ் டூ லேப் சரக்கு நம் வீட்டு அலமாரியிலும் இருக்கு!

பிளஸ் டூ படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், அதன் கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள், தோழிகளே. சோடியம் பைகார்பனேட், அசிட்டிக் அமிலம், அசிட்டோன், எத்தனால், அயோடின், பொட்டாசியம் பர்மாங்கனேட் என்று கரிம வேதியியல் பாடத்துக்கு வரிசையாக வைத்திருக்கும் பாட்டில்களில் பாதி, வேறு பெயரில் நம் அடுப்படியிலும் மருந்து டப்பாவிலும் குளியலறையிலும் இருக்கின்றன. எது புளிப்பு, எது காரம், எது கரைக்கும், எது வெளுக்கும் என்ற நாலு விஷயம் பிடிபட்டுவிட்டால், டி.வி. விளம்பரத்தில் வரும் பத்து விதமான பாட்டில்களுக்குக் காசு கொடுக்க வேண்டாம். நம்ம குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே அங்கே இருந்த குரோம் லெதர் தொழிற்சாலையால்தான். தோல் பதனிட குரோமியம் உப்பைப் பயன்படுத்திய இடம் அது. இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ரசாயனம் புதுசில்லை. தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், பெருங்களத்தூர் என்று போர் தண்ணியோடு தினமும் மல்லுக்கட்டும் எல்லா வீட்டுக்குமாகச் சேர்த்து வைத்த குறிப்புகள் இதோ.

1. குழாய் முனையிலும் ஷவரிலும் வெள்ளையாகப் படிந்து கல்லாகிக் கிடப்பது, போர் தண்ணியின் கால்சியம் கார்பனேட். வினிகரில் நனைத்த பழைய துணியைச் சுற்றி, மேலே ஒரு பாலிதீன் கவரைக் கட்டி அரை மணி நேரம் விடுங்கள்; நுரைத்து இளகிவிடும், பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். ராத்திரி முழுக்க விட்டால் குழாயின் பளபளப்புப் பூச்சும் சேர்ந்து கெடும்.

2. கெட்டில், இட்லிப் பானை அடியில் படியும் வெள்ளைப் படிவத்துக்கு வினிகரைவிட மலிவானது எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் போட்டுக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து இருபது நிமிஷம் வையுங்கள். வாசனையும் இருக்காது, இரண்டு முறை அலசினால் வேலை முடிந்தது.

3. சமையலுக்கு விற்கும் வினிகரில் அசிட்டிக் அமிலம் சுமார் 4 முதல் 5 சதவீதம்தான், மீதி தண்ணீர். துடைக்கிற வேலைக்கு மலிவான சிந்தெடிக் வினிகரே தாராளம், ஆப்பிள் வினிகரைக் கொட்டாதீர்கள். கெட்டியான அசிட்டிக் அமிலம் தனியாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வீட்டில் வைப்பது மட்டும் வேண்டாம், அது தோலைச் சுட்டுவிடும்.

4. பழைய வீடுகளில் அடுப்படி அலமாரிக்குக் கடப்பா கல் போட்டிருப்பார்கள். அது சுண்ணாம்புக் கல் வகை. வினிகர், எலுமிச்சை, டாய்லெட் ஆசிட் எது பட்டாலும் மேல்பரப்பு அரிக்கும், பளபளப்பு போய்விடும். மார்பிளுக்கும் இதே கதிதான். இவற்றுக்குச் சோப்புத் தண்ணீர் மட்டும். கிரானைட் மேடை கொஞ்சம் தாங்கும், என்றாலும் உடனே துடைத்துவிடுங்கள்.

5. ஆப்ப சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்து 'சூப்பர் கிளீனர்' செய்வதாக வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கிறது. நுரை பார்க்க அழகுதான். ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று அடக்கிவிடுவதால் மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் கரைந்த சாதுவான தண்ணீர். கறையைப் போக்க அதில் தெம்பு இல்லை. எண்ணெய்ப் பிசுக்குக்கு முதலில் சோடா, அலசிய பிறகு உப்புப் படிவத்துக்கு வினிகர் என்று தனித்தனியாகப் போட்டால் இரண்டும் முழு வேலை செய்யும்.

6. துணி துவைக்கும் பவுடர் சீக்கிரம் தீர்வதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர். அரை வாளி போர் தண்ணியில் ஒரு ஸ்பூன் வாஷிங் சோடாவை முதலில் கரைத்துப் பத்து நிமிஷம் வையுங்கள். கால்சியம் வெள்ளையாக அடியில் இறங்கிவிடும். தெளிந்த தண்ணீரை மட்டும் இறுத்து அதில் பவுடரைப் போட்டால் குறைவான அளவிலேயே நுரை பொங்கும்.

7. குளியல் சோப்பு வாங்கும்போது அட்டையில் டி.எஃப்.எம். என்ற எண்ணைத் தேடுங்கள். எண்ணெயிலிருந்து வந்த கொழுப்பு அமிலம் அந்தக் கட்டியில் எத்தனை சதவீதம் என்று சொல்லும் கணக்கு அது. 76-க்கு மேல் என்றால் முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். நூறு கிராம் விலையையும் இந்த எண்ணையும் சேர்த்துப் பார்த்தால், மலிவு என்று நினைத்தது உண்மையில் மலிவா என்று கடையிலேயே தெரிந்துவிடும். எண் போடாமல் 'பேத்திங் பார்' என்று மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் 60-க்குக் கீழேதான்.

8. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை என்று புலம்பும் வீடுகளுக்கு: தேங்காய் எண்ணெயில் செய்த சோப்பு வாங்கிப் பாருங்கள். அதில் இருக்கும் லாரிக் அமிலத்தின் உப்பு தண்ணீரில் எளிதில் கரையும், கடல் தண்ணீரில்கூட நுரைக்கும்.

9. பட்டுப் புடவைக்கு வாஷிங் சோடா, ஆப்ப சோடா இரண்டும் ஆகாது. பட்டு என்பது புரதம். காரம் அதன் இழையை வெட்டி வலுவிழக்கச் செய்துவிடும். பூந்திக்கொட்டையைக் கொட்டை எடுத்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்தால் வரும் நுரையே போதும். கடைசி அலசலில் இரண்டு சொட்டு வினிகர் விட்டால் மினுமினுப்பு நிற்கும்.

10. வெள்ளைச் சட்டையில் சாம்பார் கொட்டி, சோப்புப் போட்டதும் கறை சிவப்பாக மாறினால் பதறாதீர்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும், அவ்வளவுதான். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பைக் கலந்தால் சிவப்பது இதே காரணத்தால். முதலில் கொஞ்சம் ஸ்பிரிட் அல்லது சானிட்டைசரைப் பஞ்சில் தொட்டு ஒற்றியெடுங்கள், குர்குமின் தண்ணீரைவிட ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். பிறகு சோப்புப் போட்டு அலசி, நேர் வெயிலில் காயப்போடுங்கள். மிச்சத்தை வெயிலே வெளுத்துவிடும், அதற்குக் காசும் இல்லை.

11. லிட்மஸ் தாள் வாங்க வேண்டாம். கால் ஸ்பூன் மஞ்சள் தூளை இரண்டு ஸ்பூன் ஸ்பிரிட்டில் கலக்கி, தெளிந்ததில் வெள்ளைக் காகிதத்தை நனைத்துக் காயவைத்தால் காரத்தைக் காட்டும் தாள் தயார். புதிதாக வாங்கிய பாத்திரம் தேய்க்கும் பவுடர் கையைக் கடிக்குமா என்று பார்க்க, ஈரமாக்கி இதில் வையுங்கள்; அடர் சிவப்பாக மாறினால் கையுறை போட்டுக்கொள்வது நல்லது. அமிலத்தைப் பார்க்க வேண்டுமா? சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் வரும் நீலச் சாறு, எலுமிச்சை விட்டதும் ஊதாவாகும், சோடா போட்டால் பச்சையாகும். லீவு நாளில் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல விளையாட்டு கிடையாது.

12. போர் தண்ணியில் இரும்பு இருக்கிறதா என்று சந்தேகமா? கடுக்காய்த் தூளைக் கொதிக்கவைத்து வடிகட்டிய தண்ணீரையோ, பால் சேர்க்காத கெட்டி டீயையோ ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் சில சொட்டு விடுங்கள். நீலம் கலந்த கறுப்பாக மாறினால் இரும்பு உண்டு. லேபில் பீனாலைக் கண்டுபிடிக்க ஃபெர்ரிக் குளோரைடு விடுவார்களே, அதையே நாம் திருப்பிப் போட்டுச் செய்கிறோம். நம் பாட்டன் காலத்தில் கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து எழுதும் மை செய்ததும் இந்த நிறத்தை நம்பித்தான்.

13. இரும்புத் தண்ணீரால் வெள்ளைத் துணியில் ஏறும் செம்பழுப்புக் கறைக்குப் பிளீச்சிங் போட்டால் இன்னும் அழுத்தமாகும். எலுமிச்சைச் சாறும் கல்லுப்பும் குழைத்துத் தடவி, ஒரு மணி நேரம் வெயிலில் வைத்து அலசுங்கள். பக்கெட், மக், வாஷ் பேசினில் படிந்த கறைக்கு எலுமிச்சை உப்புக் கரைசல் ஆகும்.

14. குத்துவிளக்கு தேய்க்கப் புளியை மிஞ்ச எதுவும் வரவில்லை, என்னைக் கேட்டால் இனியும் வராது. லேபில் சர்க்கரையைச் சோதிக்க ஃபெலிங் கரைசல் என்று அடர் நீலத்தில் ஒன்று வைத்திருப்பார்கள். அதில் செம்பு கீழே படியாமல் கரைசலிலேயே நிற்பதற்காகச் சேர்ப்பது டார்ட்டாரிக் அமிலத்தின் உப்பு. புளியில் இருப்பதும் அந்த டார்ட்டாரிக் அமிலமே, அதனால்தான் பித்தளை மேல் படிந்த கறுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. ரசத்துக்குக் கரைத்துப் பிழிந்த புளிச் சக்கையை வீசாமல் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் சேர்த்து வையுங்கள், வெள்ளிக்கிழமை விளக்கு தேய்க்க அதுவே போதும். தேய்த்ததும் ஒரு சிட்டிகை சோடா கலந்த தண்ணீரில் அலசி, ஈரம் போகத் துடைத்துவிட்டால் மறுபடி சீக்கிரம் கறுக்காது.

15. மேலே சொன்ன அதே காரணத்துக்காக, ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரத்தில் புளிக்குழம்பு, ரசம், மோர் எதையும் வைக்காதீர்கள். கறையைக் கரைக்கும் புளி பாத்திரத்தையும் கரைத்து நம் வயிற்றுக்கு அனுப்பிவிடும்.

16. கறுத்த வெள்ளிக் கொலுசைப் பல்பொடி போட்டுத் தேய்த்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெள்ளி போய்விடுகிறது. ஒரு கிண்ணத்தில் அலுமினியம் ஃபாயில் விரித்து, கொலுசை அதன்மேல் படும்படி வைத்து, ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா தூவிக் கொதிநீரை ஊற்றுங்கள். கறுப்பு என்பது வெள்ளி சல்பைடு. அலுமினியம் அதை மறுபடி வெள்ளியாகவே மாற்றிக் கொடுத்துவிடுவதால் எடை குறையாது. கல், முத்து, அரக்கு பதித்த நகைக்கு மட்டும் இது வேண்டாம்.

17. லேபுக்குப் போன பிள்ளை விரல் நுனி கறுத்து வந்தால் அது சில்வர் நைட்ரேட். டாலன்ஸ் கரைசல் செய்யும்போது பட்டிருக்கும். மஞ்சளாக வந்தால் நைட்ரிக் அமிலம், தோலில் உள்ள புரதத்தோடு சேர்ந்த நிறம். எரிச்சலோ புண்ணோ இல்லையென்றால் இரண்டும் தோல் உரிய உரியச் சில நாளில் தானே போகும். பிளீச்சிங், தின்னர் என்று எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். அடுத்த தடவைக்குக் கையுறை வாங்கிக் கொடுப்பதுதான் நமக்கு மிச்சம்.

18. லேப் கோட் கண்டிப்பாகப் பருத்தியில் இருக்கட்டும். சிந்தெடிக் துணி ஸ்பிரிட் விளக்குத் தீ பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். துவைக்கும்போது வீட்டுத் துணியோடு போடாமல், முதலில் வெறும் தண்ணீரில் தனியாக அலசிவிடுங்கள்.

19. புண்ணுக்குப் போட்ட பெட்டாடின் படுக்கை விரிப்பில் பட்டுவிட்டதா? சப்பிச் சாப்பிடும் வைட்டமின் சி மாத்திரை ஒன்றை ஈரமாக்கிக் கறைமேல் தேயுங்கள். கண்ணெதிரே பழுப்பு மறையும். அயோடினை நிறமில்லாத அயோடைடாக வைட்டமின் சி மாற்றிவிடுகிறது. காலாவதியான மாத்திரைக்கு இப்படி ஒரு வேலை கொடுங்கள்.

20. பொட்டாசியம் பர்மாங்கனேட் கையில் பட்டால் முதலில் ஊதா, அப்புறம் விடாப்பிடியான பழுப்பு. அதற்கும் இதே வைட்டமின் சி மாத்திரை, இல்லையென்றால் எலுமிச்சைச் சாறு. மருந்துப் பெட்டியில் பர்மாங்கனேட்டையும் கிளிசரினையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே வேண்டாம்: இரண்டும் கலந்தால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும்.

21. சட்டைப் பையில் பால்பாயிண்ட் பேனா கசிந்தால் தண்ணீர் விடாதீர்கள், பரவும். அடியில் பழைய துணியை மடித்து வைத்து, மேலே சானிட்டைசர் விட்டு ஒற்றுங்கள்; மை கரைந்து அடித்துணிக்கு இறங்கும். அடித்துணியை இடம் மாற்றி மாற்றி வைப்பதுதான் இதில் சூட்சுமம்.

22. விரலில் ஒட்டிய ஃபெவிகுவிக்கைப் பிய்க்க வேண்டாம். அசிட்டோன் உள்ள நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் நனைத்து ஒற்றிக்கொண்டே இருந்தால் இளகும். பிளாஸ்டிக் சாமான், டி.வி. திரை, அசிடேட் துணி ஆகியவற்றின் பக்கம் அசிட்டோனைக் கொண்டுபோகாதீர்கள், அவையே கரைந்துவிடும். அடுப்பு எரியும்போது பாட்டிலைத் திறக்கவும் கூடாது. ஃபெவிகுவிக் நிறைய கொட்டினால் பருத்தித் துணியால் துடைக்காதீர்கள், சட்டென்று சூடேறிக் கையைச் சுடும்.

23. புது எவர்சில்வர் பாத்திரத்தில் ஸ்டிக்கர் பசை போகவில்லையா? நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிஷம் கழித்து வழித்தெடுங்கள். எண்ணெய்த்தன்மை உள்ளது எண்ணெயில் கரையும். லேபில் கரைப்பான் தேர்ந்தெடுப்பதும் இந்தக் கணக்கில்தான்.

24. பொங்கலுக்குக் கேட், ஜன்னல் பெயிண்ட் அடித்தபின் பிரஷ் கழுவிய டர்பன்டைனைக் கீழே கொட்டாதீர்கள். மூடியுள்ள கண்ணாடி பாட்டிலில் இரண்டு நாள் வைத்தால் பெயிண்ட் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததை இறுத்து வைத்தால் அடுத்த வேலைக்கு ஆகும்.

25. ரத்தக் கறைக்கு வெந்நீர் விடக்கூடாது, புரதம் வெந்து இழையோடு இறுகிவிடும். பச்சைத் தண்ணீரில் அலசி, மிச்சத்துக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு சில சொட்டு விடுங்கள். கலர் துணி என்றால் மடிப்புக்குள் ஒரு ஓரத்தில் சோதித்துவிட்டுப் போடுங்கள்.

26. மருந்துக் கடையில் பெராக்சைடு பாட்டிலில் 20 வால்யூம் என்று போட்டிருந்தால் அது 6 சதவீதம். அதே அளவு காய்ச்சி வடித்த தண்ணீர் கலந்தால் 3 சதவீதம் ஆகிவிடும், வீட்டு வேலைக்கு அது போதும். ஒரு பாட்டில் இரண்டாகும். வெளிச்சம் பட்டால் வீரியம் போய்விடும் என்பதால் அதே பழுப்பு பாட்டிலிலேயே வையுங்கள். நறுக்கிய உருளைக்கிழங்கு மேல் ஒரு சொட்டு விட்டு நுரைக்காவிட்டால் சரக்கு செத்துவிட்டது என்று அர்த்தம்.

27. சிங்க் அடைப்புக்கு முதல் மருந்து வாஷிங் சோடா. இரண்டு டேபிள்ஸ்பூன் போட்டு, கை தாங்கும் சூட்டைவிடக் கொஞ்சம் அதிகமான வெந்நீரை ஊற்றுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இளகிக் கழன்று ஓடும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பி.வி.சி. குழாய் இளகிவிடும். வாரம் ஒருமுறை இதைச் செய்தால் காஸ்டிக் சோடா பொடி வாங்கும் தேவையே வராது.

28. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்: காஸ்டிக் சோடா கண்ணுக்குப் பெரும் கேடு, அலுமினியப் பாத்திரத்தை அரித்து எரியும் வாயுவை விடும். எப்போதும் தண்ணீரில் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், பொடிமேல் தண்ணீரை ஊற்றாதீர்கள்.

29. கறுப்பு பினாயிலைப் போர் தண்ணியில் கலந்தால் பால் போல வெளுக்காமல் திரித் திரியாக மிதக்கிறதா? அதில் எண்ணெயைத் தாங்கிப் பிடிக்கும் சோப்பை உப்புத் தண்ணீர் முறித்துவிடுகிறது. வாசலில் பிடித்த மழைத் தண்ணீரிலோ மெட்ரோ தண்ணியிலோ கலந்தால் பாதி பினாயிலிலேயே தரை மணக்கும். பினாயில் போட்ட இடத்தில் பிளீச்சிங் பவுடர் தூவ வேண்டாம், நாற்றம் மூச்சை முட்டும்.

30. சம்ப் தண்ணீருக்குப் பிளீச்சிங் பவுடர் கணக்கு தெரியாமல் கைநிறைய அள்ளிப் போடும் வீடுகள்தான் அதிகம். நல்ல பவுடர் என்றால் 1000 லிட்டருக்கு 2.5 கிராம், தலைதட்டிய அரை டீஸ்பூன் அளவு, போதும். வாளியில் கூழாகக் குழைத்து, பிறகு தண்ணீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே உள்ள தெளிவை மட்டும் சம்ப்பில் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்தே மோட்டார் போட வேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு பொங்கி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் வெள்ளம் புகுந்ததே, அதுபோல வெள்ளத் தண்ணீர் இறங்கிய சம்ப்பாக இருந்தால் முழுக்க இறைத்து, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பியபிறகுதான் இந்தக் கணக்கு. சேற்றுத் தண்ணீரில் எவ்வளவு பவுடர் போட்டாலும் சேறே அதைத் தின்றுவிடும்.

31. அந்தப் பவுடரை ஐப்பசி மழைக்கு முன்பே வாங்கி, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், இருட்டான உலர்ந்த இடத்தில் வையுங்கள். காற்றும் ஈரமும் பட்டால் குளோரின் போய் வெறும் சுண்ணாம்பு மிஞ்சும். மூக்கில் நெடி ஏறாத பவுடருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

32. இந்தக் குறிப்பை மட்டும் ஒரு காகிதத்தில் எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டுங்கள். பிளீச்சிங் பவுடரோடு டாய்லெட் ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், நுரையீரலைக் கெடுக்கும். அம்மோனியா சேர்ந்த கண்ணாடி கிளீனர் கலந்தாலும் விஷ வாயுதான். ஸ்பிரிட்டோ நெயில் பாலிஷ் ரிமூவரோ கலந்தால் குளோரோஃபார்ம் உண்டாகும். லேபில் செய்யும் அயோடோஃபார்ம் சோதனையின் உடன்பிறப்பு இது. ஒன்றைப் போட்டால் நன்றாகத் தண்ணீர் ஊற்றி அலசி, அடுத்த நாள் மற்றொன்று. வேலை செய்பவர் தனியாக வந்து கழுவுகிறார் என்றால் அவருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்.

33. ஆசிட் பாட்டிலைக் கண்டபடி விற்கக் கூடாது என்று 2013-ல் உச்ச நீதிமன்றமே உத்தரவு போட்டிருக்கிறது. தெருவில் லேபிள் இல்லாத பாட்டிலில் கூவி விற்பதை வாங்காதீர்கள். வீட்டில் இருப்பதைக் குடிக்கும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது வேண்டவே வேண்டாம். பெரிய தமிழ் எழுத்தில் பெயர் எழுதி, குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள்.

34. ஆசிட்டோ காஸ்டிக்கோ தோலிலோ கண்ணிலோ பட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிஷமாவது கழுவுங்கள். அதற்கு எதிர்மருந்து என்று சோடாவையோ எலுமிச்சையையோ மேலே போடக் கூடாது, கூடுதலாகச் சூடேறும். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 108-க்குக் கூப்பிட்டு, பாட்டிலையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள்.

35. புது ஷூ, பை வாங்கும்போது வரும் சிலிகா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வையுங்கள். கார்த்திகை மாதத்தில் சர்ட்டிஃபிகேட் ஃபைல், கேமரா, கொலு பொம்மைப் பெட்டிக்குள் போட்டால் பூஞ்சை அண்டாது. ஒரு முழு நாள் நல்ல வெயிலில் காயவைத்தால் ஓரளவு மறுபடி உயிர் வரும். நீலமாக இருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் உப்பு இருக்கும், அதைச் சாப்பாட்டுச் சாமான் பக்கம் வைக்காதீர்கள்.

36. பூஜைக் கற்பூரம் திறந்து வைத்தால் திரவமாகாமலே ஆவியாகிப் போய்விடும். இறுக மூடிய கண்ணாடி பாட்டில்தான் அதற்கு வீடு.

37. நாஃப்தலின் உருண்டையும் அப்படி ஆவியாகித்தான் பூச்சியை விரட்டுகிறது. அந்த ஆவி துணியிலும் ஏறும். கைக்குழந்தை துணிக்கு அதைப் போடவே போடாதீர்கள், சில குழந்தைகளுக்கு ரத்த அணுக்கள் சிதைந்துவிடும். மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைப் பக்கம் போகும்போது நாட்டு மருந்துக் கடையில் வசம்பு வாங்கி, உடைத்துத் துணியில் முடிந்து போட்டால் அலமாரிக்குப் பல மாதம் வரும்.

38. பனீரிலோ கோவாவிலோ மாவு கலந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு துண்டைத் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அயோடின் டிஞ்சர் இரண்டு சொட்டு விடுங்கள். நீலமானால் மாவுச்சத்து இருக்கிறது. சூடாக இருக்கும்போது விட்டால் நிறம் காட்டாது, ஆற வேண்டும்.

39. வாழைப்பூ, வாழைத்தண்டு நறுக்கும்போது இரும்பு அரிவாள்மணையைவிட எவர்சில்வர் கத்தி நல்லது, கறுப்பு குறையும். நறுக்க நறுக்க மோர் கலந்த தண்ணீரில் போடுங்கள். மோரின் புளிப்பு, நிறம் மாற்றும் நொதியை அடக்கி வைக்கும். கையில் ஏறிய கறைக்குப் பிழிந்த எலுமிச்சை மூடி.

40. மாம்பழ சீசனில் ஒரே மாதிரி மஞ்சளாக, காம்பு மட்டும் பச்சையாக, வாசனையே இல்லாமல் இருந்தால் கார்பைடு கல் வைத்ததாக இருக்கலாம். அந்தக் கல் அசிட்டிலீன் வாயுவை விட்டுப் பழுக்க வைக்கும், சட்டப்படி தடை செய்யப்பட்டது. நல்ல முற்றிய காயாக வாங்கினால் விலையும் குறைவு, வீட்டிலேயே பழுக்க வைக்கலாம். அரிசி டிரம்முக்குள்ளோ காகிதப் பைக்குள்ளோ, நன்கு பழுத்த வாழைப்பழம் இரண்டோடு சேர்த்து வையுங்கள். வாழைப்பழம் விடும் எத்திலீன் மாங்காயை மூன்று நாலு நாளில் கனிய வைத்துவிடும். தினமும் ஒருமுறை திறந்து தொட்டுப் பார்த்து, கனிந்ததை உடனே வெளியே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் எல்லாம் ஒரே நாளில் பழுத்து நிற்கும்.